ஒரு கூடை மண் அள்ளாதவன்

1

சிங்கப்பூரில் வேலை நேரத்தில் மெஷினை நிறுத்தச் சொல்லி, உட்காரவைத்து, கையில் குடிக்க ஏதாவது கொடுத்தார்கள் என்றால் ஒன்று வேலை போகப் போகிறது, இல்லையென்றால் சம்பளமில்லாத வேலை ஒன்று வரப் போகிறது. போன வாரம் ஜூரோங்கில் நான் மெக்கானிக்காக இருக்கும் ரேடியோ தொழிற்சாலையில் எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்து ஆளுக்கொரு சோயாப்பால் கொடுத்தார்கள். வேலை போகப் போகிறது என்றுதான் நினைத்தேன். இல்லை, மற்றது.

பெர்சனல் மேனேஜர் மிஸ்டர் டான் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். அப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். அவருக்கு ஒரு கவலை. இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகள் தங்குவதில்லை. எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு தொழிற்சாலை திறந்து கொஞ்சம் கூடத் தருகிறோம் என்று போர்டு வைத்தால், மறுநாள் பாதி நாற்காலி காலி. இதற்கு மருந்தை அவர் கண்டுபிடித்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாமெல்லாம் சேர்ந்து முதியோர் விடுதிக்குப் போக வேண்டும். சுவருக்குச் சாயம் அடிக்க வேண்டும், கிழவர்களுக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். போன வருஷம் சோதனையாக இதைச் செய்து பார்த்ததில், போனவர்களில் யாருமே வேலையை விடவில்லை. “நல்ல காரியத்தைச் சேர்ந்து செய்கிறவர்கள் பிரிய மாட்டார்கள்” என்றார்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. மிஸ்டர் டான் நான் சந்தோஷத்தில் சிரிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொண்டார்.

ஏன் சிரித்தேன் என்று அவரிடம் சொல்ல என் இங்கிலீஷ் போதாது. போதுமாக இருந்தாலும் அவருக்குப் புரியாது. அருப்புக்கோட்டைக்குத் தெற்கேயும் கிழக்கேயும் வெயிலில் கிடந்தவர்களுக்குப் புரியும். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

2

இந்த மருந்தை மிஸ்டர் டான் கண்டுபிடிப்பதற்கு வெகு காலம் முன்னாலேயே எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் கண்டுபிடித்தாயிற்று. பந்தல்குடி ரோட்டில் ஒரு நூல் மில் இருந்தது. பெயர் வேண்டாம். அறுபதுகளின் தொடக்கம். எம்.ரெட்டியபட்டியிலிருந்து திருச்சுழிப் பக்கமாகப் போனால் எங்கள் ஊர் வரும். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் பஞ்சம் பிழைக்கப் போவது. மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் வீட்டுக்கு ஒருத்தர் கிளம்பினார்கள். எங்கள் வீட்டிலிருந்து என் அண்ணன் இருளப்பன் போனார். கார்டிங்கில் பிட்டர். பஞ்சைச் சீவும் அந்த மெஷின்களின் மூச்சை வைத்தே எது எங்கே உரசுகிறது என்று சொல்லிவிடுவார் என்று பேர்.

அந்த மில்லுக்கும் இதே வியாதிதான். பருத்திக்காட்டு ஆளைப் பிடித்துவந்து, தொழில் கற்றுக்கொடுத்து, அவன் கை பழகியதும் ராஜபாளையத்துப் பக்கம் வேறொரு மில்லுக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். முதலாளி சத்தம் போட்டுப் பார்த்தார். யாரும் நிற்கவில்லை. பிறகு மெட்ராஸில் இதற்கென்றே படித்த ஒருவரை வெல்பேர் ஆபீஸராகக் கொண்டுவந்தார்.

அந்த ஆபீஸர் சைக்கிளில் ஊர் ஊராக வந்தார். மர நிழலில் உட்கார்ந்து, “உங்களுக்கெல்லாம் என்ன வேண்டும்?” என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பேண்ட் போட்ட ஆளும் கேட்டதில்லை. எல்லோரும் ஒரே வாயாகத் தண்ணீர் என்றார்கள். எங்கள் ஊர்க் கிணறுகள் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்க இருந்தது ஒரே ஒரு ஊருணி. அதுவும் மண் மேவி, கோடையில் ஆடு படுக்கும் இடமாகிவிட்டது.

அவர் பணம் தரவில்லை. கெட்டிக்காரர். லாரி தந்தார். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. அன்றைக்கு எங்கள் ஊர் மில் ஆட்களே வந்து ஊருணியை ஆழப்படுத்த வேண்டும். மண்வெட்டியும் கூடையும் மண்ணைக் கொண்டுபோகும் லாரியும் மில்லுடையது. பன்னும் டீயும் உண்டு. கூலி கிடையாது.

அண்ணன்தான் முதல் மண்வெட்டி போட்டார். அதற்குப் பிறகு அவருக்கு ஞாயிறு என்றால் திருவிழா. விடிவதற்கு முன் எழுந்து ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவார். எங்கள் அய்யா சோலைமலை கரையில் உட்கார்ந்துகொண்டு யார் நன்றாக வெட்டுகிறார்கள், யார் ஏய்க்கிறார்கள் என்று வர்ணனை சொல்வார். நான் அப்போது மதுரையில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தேன். வாரக் கடைசியில் ஊருக்கு வந்து, வேப்ப மரத்தடியில் சாய்ந்து பீடி குடித்தபடி வேடிக்கை பார்ப்பேன்.

“ஏலே செல்லையா, ஒரு கூட மண்ணு அள்ளுனா ஒங் கை தேஞ்சா போயிரும்?” என்பார் அண்ணன்.

“கூலி இல்லாத வேலைக்கு எங் கை வராதுண்ணே.”

“இவன் சாப்பாட்டுக்கு மட்டும் ஊர்க்காரன்” என்பார் அய்யா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு வெட்கமெல்லாம் சின்ன வயதிலேயே உதிர்ந்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஊருணி நன்றாகவே வந்தது. ஐப்பசி மழையில் நிறைந்து, அடுத்த கோடைக்கும் நின்றது. தண்ணீர் உள்ள ஊர் என்று பெண் கொடுக்க வந்தார்கள். அந்த வருஷம் மில்லை விட்டு ஒருத்தரும் போகவில்லை. கெட்ட காரியம் என்றால் நான் இவ்வளவு நாள் அதை மனசில் வைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

3

எங்கள் ஊரில் பிடிமண் என்று ஒன்று உண்டு. பொதுக் காரியம் ஒன்றை ஏற்றுக்கொள்கிறவன் அந்த இடத்து மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணில் ஒற்றி, துணியில் முடிந்து வீட்டில் சாமி படத்துக்குக் கீழே வைப்பான். அந்த மண் வீட்டில் இருக்கும்வரை அவன் அந்தக் காரியத்துக்குக் கட்டுப்பட்டவன். பாதியில் விட்டால் மழை போகும் என்று நம்பிக்கை. மழையைக் கெடுத்தவன் என்ற பேர் எங்கள் சீமையில் கொலைகாரன் என்ற பேரைவிட மோசம்.

இரண்டாவது வருஷம் ஊருணிக் கரையில் பொங்கல் வைத்தபோது வெல்பேர் ஆபீஸர் இதைக் கேள்விப்பட்டார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “ஊருணியைக் கைவிட மாட்டோம் என்று சொல்லும்போது மில்லையும் சேர்த்துக்கொள்ளுங்களேன். இரண்டும் ஒன்றுதானே” என்றார். மாலையும் மேளமும் பன்னும் இருக்கிற இடத்தில் யார் யோசிக்கிறார்கள்? அண்ணன் முதல் ஆளாக மண்ணை எடுத்தார். மற்றவர்கள் பின்னால் எடுத்தார்கள். நான் வேப்ப மரத்தடியில்தான் இருந்தேன்.

ஆறு மாதம் கழித்து, மண் எடுத்தவர்களில் ஒருத்தன், மேலத்தெருக் குருசாமி, ராஜபாளையத்து மில்லுக்குப் போய்விட்டான். மில் கோபப்படவில்லை. அடுத்த ஞாயிறு லாரி வரவில்லை, அவ்வளவுதான். அண்ணன் சைக்கிளில் போய்க் கேட்டதற்கு, “ஆள் தங்குற ஊருக்கு லாரி போகட்டும்னு முதலாளி நினைக்கிறார் இருளப்பன். நான் என்ன செய்ய?” என்று ஆபீஸர் வருத்தப்பட்டாராம். ஊருணிக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் பாதி வெட்டியபடி கிடந்தது. மழைக்கு முன்னால் முடிக்காவிட்டால் வெட்டியதெல்லாம் வீண்.

மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. குருசாமி பெண்டாட்டி குடத்தோடு வந்தபோது அவளைப் படியில் இறங்க விடவில்லை. தடுத்தது யார்? என் அண்ணன்தான். “மண்ணத் தொட்டுட்டு ஓடுனா சும்மாவா? ஒம் புருசன வரச் சொல்லு, பெறகு தண்ணி எடு” என்றார். அய்யா கரையில் இருந்தபடியே, “நல்லா வேணும்” என்றார். குருசாமி வந்து ஊர் காலில் விழுந்தான். மில் அவனைச் சிரித்த முகத்தோடு சேர்த்துக்கொண்டது. லாரியும் வந்தது.

அதற்குப் பிறகு அந்த மில்லுக்கு வாட்ச்மேனே தேவைப்படவில்லை. ஊரே காவல் காத்தது.

4

இங்கே என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. வந்த புதிதில் இமிக்ரேஷன் கவுன்ட்டரில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அய்யா பெயரைச் சொன்னேன். அன்றையிலிருந்து, முதலில் சேர்ந்த கப்பல் பட்டறையிலும் இப்போது இந்தத் தொழிற்சாலையிலும் நான் மிஸ்டர் சோலைமலை. அதை அவர்கள் மென்று துப்புகிற விதத்தில் சொல்லுவார்கள். செத்த மனுஷனை ஒவ்வொரு காலையிலும் கேட்டில் நிறுத்தி, அட்டையைக் காட்டு என்று கேட்பதைப் போல இருக்கும். மாற்ற வேண்டுமானால் ஊரிலிருந்து தாசில்தார் கையெழுத்தோடு காகிதம் வேண்டுமாம். தாசில்தாரைப் பார்ப்பதற்குப் பேசாமல் அய்யா பெயரிலேயே செத்துவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு கூத்து. முதல் மாதம் ஷிப்ட் முடிந்ததும் ஊர்ப் பழக்கத்தில் போர்மேனிடம் வாரேன் என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஆள் நான் திரும்பி வருவேன் என்று பூட்டாமல் காத்திருந்திருக்கிறார். மறுநாள் கிடைத்த ஏச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

என் மகள் மலருக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. அவள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவள் அம்மா அடித்தால் மலாயில் அழுவாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கற்றது. பெரியப்பாவுக்கு என்ன வேலை என்று ஒருமுறை கேட்டாள். “ஊருணி” என்றேன். அப்படி ஒரு வேலை உண்டா என்றாள்.

5

அண்ணனுக்கு இருமல் வந்தது. கார்டிங்கில் பறக்கிற பஞ்சுத் தூசு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் ஒரு விசேஷம். ஞாயிற்றுக்கிழமை வெளிக் காற்றில் மண் வெட்டும்போது நன்றாக இருப்பார். திங்கட்கிழமை மில்லுக்குள் நுழைந்ததும் மூச்சு முட்டும். நெஞ்சில் கல்லை வைத்தது போல இருக்கும் என்பார். மில்லில் அதைத் திங்கட்கிழமைச் சோம்பேறித்தனம் என்று கேலி செய்தார்கள். வெல்பேர் ஆபீஸர் மட்டும் அக்கறையாக, “ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் நன்றாக வெட்டுங்கள், நெஞ்சு விரியும்” என்றார்.

அருப்புக்கோட்டை டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. “அந்த மில்லை விட்டுப் போ. இல்லாவிட்டால் அது உன்னை விடாது” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்த எங்கள் தாய்மாமன் ஆள் அனுப்பிச் சொன்னார். ஒரு பிட்டர் வேண்டும், ஒரே ஒரு ஆளுக்குத்தான் என்னால் சொல்ல முடியும், இருளப்பனைக் கிளம்பச் சொல் என்று. கடல் காற்று, பஞ்சு கிடையாது. அண்ணனுக்கு அது வேலையில்லை, மூச்சு. எங்கள் மதினி பேச்சியம்மாள் அன்றைக்கே கோயிலுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

“அண்ணே, சொல்லாமக் கெளம்பிருங்க. குருசாமிக்கு நீங்க செஞ்சத ஒங்களுக்குச் செய்வாங்க” என்றேன்.

“போலே. அவனும் நானும் ஒண்ணா? இந்த ஊருணிய வெட்டுனவனே நான்தான். என்னைய எவன் தடுப்பான்?” என்றார்.

மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை. தான் செய்த நல்லது தனக்கு ஒரு நாள் வழி விடும் என்று நினைத்தார். நல்லது வழி விடாது, வழியில்தான் உட்காரும். மில்லுக்குப் போய் முறையாகச் சொல்லிவிட்டு வந்தார். ஆபீஸர் கையைப் பிடித்து வாழ்த்தினாராம். அந்த ஞாயிறு லாரி வரவில்லை.

மதினி குடத்தை எடுத்துக்கொண்டு போனவள் வெறுங்குடத்தோடு வந்தாள். படித்துறையில் நின்றவன் குருசாமி. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மதினி பிறகு பலமுறை சொல்லி அழுதிருக்கிறாள். “அண்ணன் சொல்லிக் குடுத்ததுதாந் தாயி. மண்ணத் தொட்டுட்டு ஓடுனா சும்மாவா?” என்றானாம்.

பாஸ்போர்ட்டு வர நாளாகும். அதுவரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்று அண்ணன் பல்லைக் கடித்தார். மதினி ரெட்டியபட்டி வரை நடந்து தண்ணீர் கொண்டுவந்தாள். அங்கேயும் சங்கதி எட்டிய பிறகு யாரும் வாளியைத் தரவில்லை. வீட்டில் உப்புத் தண்ணீர்தான். அண்ணனுக்கு இருமலோடு வயிறும் கெட்டது. அய்யா மட்டும் வழக்கம்போல ஊருணிக் கரைக்குப் போய் உட்கார்ந்தார். உட்காருவதை யாரும் தடுக்கவில்லை. ஒருத்தரும் பேசவில்லை. தாகத்துக்கு ஒரு வாய் கேட்டால் காது கேட்காதவர்களாகப் போனார்கள். அவர் வர்ணனை சொல்லிச் சொல்லி வெட்டவைத்த தண்ணீர் காலடியில் கிடந்தது.

6

பங்குனி வெயிலில் ஒரு காலையில் அய்யா செத்துப்போனார். வயதாகிவிட்டது, சாவு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் செத்த நேரம் ஊருக்குத் தோதாகப் போய்விட்டது.

எங்கள் பக்கம் பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். பிள்ளைகள் குடத்தோடு போய், தலைக்கு மேல் வேட்டியைப் பிடித்துவர, சங்கு ஊதி, நீர் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊரில் அது ஊருணித் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டினால் அனாதைப் பிணம் என்று அர்த்தம். அந்த வீட்டில் அப்புறம் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

நான் மதுரையிலிருந்து வந்து சேரும்போது உச்சி வெயில். அண்ணன் ஈர வேட்டியோடு, தோளில் குடத்தோடு, ஊருணிப் படியில் நின்றுகொண்டிருந்தார். எதிரே ஊர் அம்பலக்காரரும் பத்து இருபது பேரும். யாரும் கோபமாக இல்லை. அம்பலக்காரர் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது.

“ஒங்கய்யா ஊருக்கு நல்லவுகப்பா. அவுகளுக்குத் தண்ணி இல்லேன்னு சொல்ல எங்களுக்கு நாக்கு வருமா? எடுத்துக்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு எடு. மில்ல விட்டுப் போகலேன்னு.”

“காரியம் முடியட்டும் மாமா. பேசிக்குவோம்” என்றார் அண்ணன்.

“வரத்துக்கா தூர்வாருனது பாதியில கெடக்கு. லாரி வரல. இந்த வருசம் மழ தவறுனா அத்தன புள்ளைகளும் உப்புத் தண்ணி குடிக்கும். நீ சிங்கப்பூர்ல இருப்ப. சொல்லிட்டு எடு.”

நான் அண்ணனை ஓரமாக இழுத்துப்போனேன். “அண்ணே, கெணத்துத் தண்ணியில குளிப்பாட்டித் தூக்கிருவோம். அய்யாவுக்குத் தெரியவா போகுது? எப்பிடியும் நாம ரெண்டு பேரும் இங்க இருக்கப் போறதில்லல்ல?” என்றேன். இன்றைக்கும் எனக்கு அது சரியான யோசனையாகத்தான் படுகிறது. அண்ணன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தில் அறைந்தார். அறைந்த வேகத்தில் அவருக்கு இருமல் வந்து, படியில் உட்கார்ந்து நெடுநேரம் இருமினார். ஒருத்தரும் ஒரு கை தண்ணீர் கொடுக்கவில்லை.

சாயங்காலம் வரைக்கும் நின்றார். வீட்டில் அய்யாவைச் சுற்றி ஈ மொய்த்தது. ஒப்பாரி வைத்த பெண்கள் களைத்துப்போய் வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்கள். மில்லிலிருந்து வெல்பேர் ஆபீஸர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். நான் போய் அவரிடம் சண்டை போட்டேன். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். “நான் யாரையும் இப்படிச் செய்யச் சொல்லவில்லையே! இது ஊர் வழக்கம். ஊர் வழக்கத்தில் மில் தலையிடுவது முறையில்லை” என்றார். பொய் சொல்லவில்லை. மாலையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டு நின்றார்.

பொழுது சாய்ந்தபோது வீட்டிலிருந்து மதினி கரைக்கு வந்தாள். “வாடை வருது. பிள்ளைக பயப்படுது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சிங்கப்பூரையும் அவர் நெஞ்சையும் டாக்டர் சொன்னதையும் அவள் ஒருத்திதான் நன்றாக அறிந்தவள். அவளே வந்து அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணன் குனிந்து கரையில் ஒரு பிடி மண் எடுத்தார். கண்ணில் ஒற்றினார். “போகல” என்றார். சங்கு ஊதினார்கள். நாலு பேர் ஓடிவந்து வேட்டியைப் பிடித்தார்கள். அவர்களில் குருசாமியும் ஒருத்தன்.

அடுத்த ஞாயிறு லாரி வந்துவிட்டது. கருமாதி முடிந்த திங்கட்கிழமை அண்ணன் மில்லுக்குப் போனார்.

மாமனுக்கு ஒரு ஆள் வேண்டுமே? “நீ போ. ஒன்னைய எவன் கேக்கப் போறான்? ஒரு கூட மண்ணு அள்ளியிருக்கியா நீ?” என்றார் அண்ணன். கேலியாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னார். நான் கிளம்பிய அன்று ஊரில் என்னை ஒரு நாய்கூடத் தடுக்கவில்லை.

மிஸ்டர் டானின் மருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான். அது எல்லோரையும் பிடிக்காது. நல்லவனைப் பார்த்துப் பிடிக்கும். என்னைப் போன்றவன் எந்த வலையிலும் சிக்க மாட்டான், ஏனென்றால் எங்கேயும் கையை நீட்ட மாட்டான். மாட்டுகிறவன் முதல் மண்வெட்டி போடுகிறவன்தான்.

7

எங்கள் செக்ஷனில் ஆ செங் என்று ஒரு சீனப் பையன். விரல்களில் கண் உள்ளவன். போன வருஷச் சோதனையிலேயே விடுதிக்குப் போக ஆரம்பித்தவன். எதிர்த் தொழிற்சாலையில் அவனைச் சூப்பர்வைசராகவே கூப்பிடுகிறார்கள். கலியாணம் ஆகவேண்டும், கவர்மென்ட் அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பம் எழுதிப்போட்டிருக்கிறான், காசு தேவை. ஆனாலும் போகவில்லை. கேட்டால், விடுதியில் ஒரு கிழவி இருக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை இவன் ஊட்டினால்தான் கஞ்சி குடிப்பாளாம். கம்பெனி வேனில் கம்பெனி ஆட்களைத்தான் ஏற்றுவார்கள். வேலையை விட்டால் அந்த விடுதிக்குள் யாராக நுழைவது என்று கேட்கிறான்.

“அவள் காத்திருப்பது கஞ்சிக்கு. உனக்கு இல்லை. நீ போனால் இன்னொருத்தன் ஊட்டுவான். இல்லாவிட்டால் சாவாள். எப்படியும் சாகத்தான் போகிறாள்” என்றேன், எனக்கு வருகிற சந்தை மலாயில்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. நான் மிஸ்டர் டானிடம் போய், என் பெயரை அடித்துவிடுங்கள், எனக்கு ஞாயிற்றுக்கிழமை முதுகு வலிக்கும் என்றேன். வருத்தத்தோடு அடித்தார். ஆ செங் பெயர் அப்படியே இருக்கிறது.

8

போன சித்திரையில் மலரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். அவள் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெண்ணுக்குப் பத்து நாளும் வேர்க்குரு.

அண்ணனுக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. பார்த்தால் அய்யா உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மாடத்திலிருந்து விளக்கை எடுத்துவந்து வைப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறார். கரண்ட் வெட்டு வந்து மில்லில் ஆள் குறைத்தபோது முதலில் இருமுகிறவர்களைக் குறைத்தார்களாம். ஒரு விழா வைத்து, சால்வை போர்த்தி, ஊருணி நாயகன் என்று பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். சால்வையை மதினி எடுத்துக் காட்டினாள். அந்துருண்டை வாசனை அடித்தது. அவரைப் பிடித்துவைத்துக்கொள்ள அவ்வளவு பாடுபட்டவர்கள், விடுவதற்கு ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார்கள்.

நான் கொதித்தேன். அண்ணன் கொதிக்கவில்லை. “மில்லு என்ன செய்யும்? கரண்டு இல்லல்ல” என்றார். அவருக்கு இப்போது ஊரில் வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஊருணிக் காவல். காலையும் மாலையும் அய்யா உட்கார்ந்த அதே இடத்தில், கையில் கம்போடு உட்காருகிறார். மாடு இறங்காமல், செருப்புப் போட்டு யாரும் படியில் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லாரி இன்னும் வருகிறது. மில்லில் புதுப் பையன்கள் சேர்ந்திருக்கிறார்கள், அவர்கள் வெட்டுகிறார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மலரைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். படிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வெறுங்குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நிறைமாதம். பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, இறங்கி, நிறைத்து, ஏறிப் போனார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

“யாருண்ணே அது?”

“நம்ம குருசாமி மருமக. மகன் தூத்துக்குடிக்கு ஓடிட்டான், ஹார்பர் வேலைக்கி. மண்ணத் தொட்ட பய.”

“நெறமாசமா இருக்காண்ணே.”

“எங்கய்யா அன்னைக்கிப் பொழுதடையத் தண்ணியில்லாமக் கெடந்தாக. எனக்கு யாரு எரங்குனா? இவ ரெண்டு நாளாத்தான் நிக்கிறா.” சொல்லிவிட்டு இருமினார். இருமல் நின்ற பிறகு, “பெத்த புள்ள மாதிரி இருக்கா லே. விட்டா ஊரு என்னைய விடுமா?” என்று மெதுவாகச் சொன்னார். உடனே குரலை உயர்த்தி, “ஏம்மா, நின்னு பிரயோசனமில்ல, வீட்டுக்குப் போ” என்று அந்தப் பெண்ணை விரட்டினார். அவள் அசையவில்லை.

அண்ணனே படியில் இறங்கினார். ஒவ்வொரு படியாக நின்று இறங்கி, செம்பு நிறைய மோந்துகொண்டு ஏறி வந்தார். அதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. செம்பை மலரிடம் நீட்டினார். “குடி தாயி. பெரியப்பா வெட்டுன தண்ணி.”

மலர் வாங்கிக் குடித்தாள். பாதியில் நிறுத்தி, குடத்தோடு நின்றவளைப் பார்த்து, என்னைப் பார்த்து, இங்கிலீஷில் கேட்டாள்: ஏன் அப்பா அந்த அக்காவுக்கு மட்டும் கொடுக்கவில்லை? பெரியப்பா கெட்டவரா?

“என்ன சொல்றா புள்ள?” என்றார் அண்ணன். ஆசையோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி இனிக்கிதாம்” என்றேன்.

அவர் முகம் விரிந்தது. நான் ஊரை விட்டுப் போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

“பின்ன, யாரு வெட்டுனது?” என்றார்.